பறங்கியர் கப்பலும் நம் கரையும்

(பெங்களூரில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப் போவது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை. "வாரத்தில் ஆறு நாள் உழைத்துவிட்டு ஒரு நாள் ஓய்வுக்கு ஏங்குகிற நமக்கு, போர்த்துக்கல் தேசத்துக் கதை எதற்கு?" என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தோமே, அந்தச் சாவி போர்த்துக்கீசியச் சொல். காற்றுக்காகத் திறந்து வைக்கிற சன்னல், துணி வைக்கிற அலமாரி, பிள்ளை உட்கார்ந்து எழுதுகிற மேசை, தண்ணீர் பிடித்து வைக்கிற பீப்பாய், எல்லாம் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள். பெரிய வீடுகளில் பிள்ளை பார்க்கப் போகிற நம் சகோதரியை 'ஆயா' என்கிறார்கள். அது அவர்கள் சொல். கட்டட வேலையில் நம்மை வேலை வாங்குகிற 'மேஸ்திரி' அவர்கள் சொல். அடகு வைத்த நகை மூழ்கிப் போனால் விடுகிறார்களே 'ஏலம்', அதுவும் அவர்கள் சொல்தான். பூட்டுவது, வேலை வாங்குவது, ஏலம் போடுவது என்று அவர்களுக்கும் நமக்கும் இருந்த உறவு இன்னதென்று இந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன.

நம் முன்னோர்கள் அவர்களைப் பறங்கியர் என்றார்கள். பறங்கிக்காயும் சென்னையின் பறங்கிமலையும் அந்தப் பெயரைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

கடலில் ஒரு சுங்கச்சாவடி

1498 மே மாதத்தில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு அருகே வந்து இறங்கினான். அவன் நாட்டின் அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சம்தான். இன்றைய பெங்களூரின் ஒரு மூலைக்குக்கூட அது காணாது. அப்படிப்பட்ட சின்னஞ்சிறு நாடு, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சீனக் கடல் வரையில் நூறாண்டுக் காலம் எப்படி ஆட்டிப் படைத்தது?

அவர்கள் பெரிய நிலப்பரப்பைப் பிடிக்கவில்லை. கடல் வழிகளின் வாசல்களைப் பிடித்தார்கள். 1510இல் கோவா, 1511இல் மலாக்கா, 1515இல் பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஹோர்முஸ் என மூன்று வாசல்களில் பீரங்கியோடு உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் எவன் கப்பல் ஓட்டினாலும் அவர்களிடம் 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அவர்கள் துறைமுகத்துக்கு வந்து சுங்கம் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், சரக்கைப் பறிக்கலாம், கொளுத்தவும் செய்யலாம். 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர் கப்பலை, பெண்கள் குழந்தைகள் உள்படக் கொளுத்தியவன் இதே காமாதான். தில்லியை ஆண்ட மொகலாயர்களின் கப்பல்கள்கூட மெக்காவுக்குப் போக இந்தச் சீட்டை வாங்கத்தான் வேண்டியிருந்தது.

இதை நன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். மிளகு மலபார் உழவனுடையது. துணி சோழமண்டலக் கரை நெசவாளியுடையது. முத்து தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்தவனுடையது. அராபியரும் குஜராத்தியரும் தமிழரும் மலாய்க்காரரும் காற்றின் திசை அறிந்து காலங்காலமாகப் போய்வந்த கடல் அது. எவனோ விளைவித்ததை எவனோ ஏற்றிக்கொண்டு போகும் வழியில் ஒரு சாவடி போட்டு உட்கார்ந்தவன் பெரிய சாம்ராஜ்யாதிபதி ஆனான்.

அழைத்தவர்கள் யார்?

பீரங்கி அவர்களிடம் இருந்தது என்பது உண்மை. ஆனால் பீரங்கியால் மட்டும் இது நடக்கவில்லை. நம்மவர்களில் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரனை அடக்க அவர்களைக் கூப்பிட்டார்கள். இந்தப் பாடத்துக்காகத்தான் இன்றைக்கு இந்தக் கதையை எடுத்துக்கொண்டோம்.

கள்ளிக்கோட்டை சாமூதிரியிடம் இருந்த பயத்தால் கொச்சி அரசர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். கோவாவைப் பிடிக்கும்போது ஆல்புகர்க்குக்குத் துணை நின்றவர் ஹொன்னாவர்ப் பக்கத்துத் திம்மய்யா. பீஜப்பூர் சுல்தான்களோடு மோதிக்கொண்டிருந்த விஜயநகரத்துக்குப் போர்க்குதிரைகள் வேண்டும். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல் வழியாக வந்த குதிரைகளை விற்றவர்கள் போர்த்துக்கீசியர். விஜயநகரத்தின் கதையை எழுதி வைத்த பெர்னாவோ நூனிஸ் ஒரு குதிரை வியாபாரி. நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெங்களூருக்கு, விஜயநகரத்துக்கு அடங்கிய தலைவரான கெம்பே கவுடர் கோட்டை கட்டியது 1537இல் என்று சொல்கிறார்கள். அதே ஆண்டுகளில்தான் நம் முத்துக்குளித்துறையில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு எனக் கன்னியாகுமரி வரையில் நீளும் அந்தக் கரையில் பரவர் மக்கள் மீன் பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்தார்கள். மூச்சை அடக்கிக் கடலின் அடிக்குப் போகிறவர்கள் அவர்கள். குளிப்பின் உரிமையையும் முத்து வியாபாரத்தையும் பற்றி, அதே கரையில் வாழ்ந்த முஸ்லிம் வணிகர்களோடு அவர்களுக்குத் தகராறு முற்றியது. கரையை ஆண்ட சிற்றரசர்கள் வரி வாங்குவதோடு சரி, நியாயம் செய்யவில்லை. 1535 வாக்கில் கள்ளிக்கோட்டைக் குதிரை வணிகரான ஜான் த குரூஸ் என்பவர் யோசனை சொல்ல, பரவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்புக் கிடைத்தது, ஞானஸ்நானமும் கிடைத்தது. இரண்டொரு ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். 1538இல் வேதாளையில் நடந்த சண்டையில் எதிர்த்தரப்புக் கப்பல்களைப் போர்த்துக்கீசியர் அழித்தார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? பாதுகாக்க வந்தவன் திரும்பிப் போகவில்லை. முத்துக்குளிப்பில் அவனுக்குப் பங்கு, கரைக்கு ஆண்டுக் கப்பம், தூத்துக்குடியில் ஒரு கேப்டன் என்று ஆயிற்று. இந்தக் கரையிலிருந்து ஆண்டுக்கு நாலாயிரம் பொன் பணம், போர்த்துக்கல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. தோழர்களே, கதைக்காகச் சொல்லவில்லை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தப் பணத்தை மக்களுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பவர்களின் சம்பளத்துக்குக் கொடுக்கும்படி ராணியைக் கேட்டுக்கொண்டார். போர்த்துக்கீசிய அதிகாரிகள் இந்த ஏழைகளைப் படுத்துகிற பாட்டை அவரே கடிதம் கடிதமாக எழுதி வருந்தியிருக்கிறார். மதுரை நாயக்கரின் ஆட்கள் ஒரு பக்கம் வரி கேட்டார்கள். பறங்கியர் கேப்டன் மறு பக்கம் கேட்டான். மூழ்கினவனின் மூச்சு ஒன்று. அதில் பங்கு கேட்டவர்கள் பலர்.

அந்த மக்களை நாம் குறை சொல்லவில்லை. நெருப்பில் நிற்பவன் எந்தத் தண்ணீர் என்று பார்க்க மாட்டான். ஆனால் தனியாகப் போய்க் கேட்கிற பாதுகாப்புக்கு என்ன விலை என்பதை அந்தக் கரை நமக்குச் சொல்கிறது.

மலாக்காவில் ஒரு தமிழர்

அயலூரில் பிழைக்கப் போன தமிழர்கள் என்ற முறையில் நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. இன்றைய மலேசியாவில் உள்ள மலாக்காவில் அன்றைக்குத் தமிழ் வணிகர்கள் பெரும் செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நைனா சட்டு என்பவர். சுல்தானின் ஆட்சியில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு அவர் உதவி செய்தார். 1511இல் ஆல்புகர்க் மலாக்காவைப் பிடித்தபோது, அதற்குப் பரிசாக அவரைப் 'பெண்டஹாரா' என்ற உயர்ந்த பதவியில் வைத்தார்கள். முஸ்லிம் அல்லாத மக்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். மூன்றே ஆண்டுகள். 1514இல் வேறு கணக்குப் போட்டு, அந்தப் பதவியை ஒரு மலாய் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காத நைனா சட்டு தீ மூட்டி அதில் இறங்கி உயிரை விட்டார் என்று போர்த்துக்கீசிய ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேண்டும்போது தோளில் கை போடுவான். வேண்டாதபோது கையை எடுத்துவிடுவான். அது அவன் குணக்கேடு மட்டுமல்ல, அவன் தொழில் முறையே அது.

தனித்தனியே எதிர்த்தவர்கள்

எதிர்க்காமலும் இல்லை. கன்னடக் கரையில் உள்ளாலின் ராணி அப்பக்கா எதிர்த்து நின்றார். மலபாரில் குஞ்ஞாலி மரைக்காயர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் போராடினார்கள். கடைசியில் 1600இல் நாலாவது குஞ்ஞாலியை வீழ்த்தப் போர்த்துக்கீசியரோடு கைகோத்தவர் யார்? அந்தக் குடும்பம் எந்த சாமூதிரிக்காகப் போராடியதோ, அந்த சாமூதிரியேதான். கோவாவில் குஞ்ஞாலியின் தலை வெட்டப்பட்டது.

யாழ்ப்பாணத்துக்கும் இதே கதி. 1591இல் படையெடுத்து அரசரைக் கொன்று தங்களுக்கு வேண்டியவரைச் சிம்மாசனத்தில் வைத்தார்கள். 1619இல் நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். கடைசி அரசர் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. அப்பக்கா துளு நாட்டவர், குஞ்ஞாலி மலபார் முஸ்லிம், சங்கிலி யாழ்ப்பாணத் தமிழர். மூவருக்கும் எதிரி ஒருவன். ஆனால் மூவரும் ஒரே வேளையில் ஒரே பக்கம் நின்றதில்லை. எதிரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சரிந்தது எப்படி?

இனி வீழ்ச்சிக்கு வருவோம். அது ஒரே நாளில் விழவில்லை. முதலில் உள்ளே அரித்தது. கோட்டைக் கேப்டன் வேலை மூன்று ஆண்டுக்குத்தான். அந்த மூன்று ஆண்டுக்குள் வாழ்நாள் முழுதுக்கும் சேர்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவனும் பார்த்தான். அரசனுக்குச் சேர வேண்டிய சுங்கம் கேப்டன் பைக்குப் போயிற்று. சாவடி போட்டவனின் ஆளே சாவடியைத் திருடினான்.

இரண்டாவது, அடைத்த வழிக்கு மக்கள் மாற்று வழி கண்டார்கள். சுமத்ராவின் ஆச்சே அரசிலிருந்து செங்கடலுக்கு, சீட்டு வாங்காத கப்பல்களில் மிளகு போயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே வெனிஸ் நகரத்துச் சந்தையில் பழைய வழி மிளகு மறுபடி குவிந்தது.

மூன்றாவது, 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. குதிரை வாங்கிய பெரிய கை ஒடிந்தது. கோவாவின் வருமானத்துக்கு அது பெரிய அடி.

நான்காவது, 1580இல் போர்த்துக்கல்லின் கிரீடம் ஸ்பெயின் அரசனிடம் போயிற்று. ஸ்பெயினோடு போர் நடத்திக்கொண்டிருந்த டச்சுக்காரர்களுக்குப் போர்த்துக்கீசியரும் பகைவர் ஆனார்கள். 1600இல் ஆங்கிலக் கம்பெனி, 1602இல் டச்சுக் கம்பெனி. இவர்களிடம் முதலும் அதிகம், கப்பலும் அதிகம்.

அதன் பிறகு சரிவுதான். 1622இல் ஆங்கிலேயர் துணையோடு பாரசீகர் ஹோர்முஸை எடுத்துக்கொண்டார்கள். 1632இல் ஷாஜகானின் படை வங்காளத்தின் ஹூக்ளியிலிருந்து விரட்டியது. 1641இல் மலாக்கா போயிற்று. இங்கே நம் கர்நாடகத்தில், 1650களின் தொடக்கத்தில் கெளதி அரசர் சிவப்ப நாயக்கர் கன்னடக் கரைக் கோட்டைகளிலிருந்து அவர்களைத் துரத்தினார். கோவாவுக்குச் சோறு போட்டது அந்தக் கரையின் அரிசி என்பதை நினைவில் வைத்தால் அந்த அடியின் வலி புரியும். 1656இல் கொழும்பு, 1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம், 1663இல் கொச்சி என ஒவ்வொன்றாக டச்சுக்காரர் கைக்குப் போயின.

எசமானன் மாறினான்

தோழர்களே, இங்கே கைதட்டத் தோன்றும். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இலங்கையில் கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கன், போர்த்துக்கீசியரை விரட்ட 1638இல் டச்சுக்காரரோடு ஒப்பந்தம் போட்டார். கொழும்பு விழுந்ததும் டச்சுக்காரன் கோட்டைக் கதவை அவருக்கே சாத்திவிட்டான். 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல' என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வதுண்டு.

நம் கரையிலும் அதுவே. டச்சுக்காரன் வந்ததும் முத்துக்குளிப்பு முத்துக்குளிப்பவனுக்குத் திரும்பவில்லை. பங்கு கேட்கிற கை மட்டும் மாறியது. நாகப்பட்டினத்தைப் பிடித்த அடுத்த ஆண்டுகளிலேயே பஞ்சம் வந்தது. பசிக்குத் தம்மை விற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான தமிழர்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. அதற்குப் பிறகு ஆங்கிலேயன். 1809இல் அவன் இந்த ஊரில் பட்டாளத்துக்குக் கண்டோன்மெண்ட் போட்டபோது அதன் பின்னாலேயே சமையலுக்கும் சலவைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். கோலாரில் அவன் கம்பெனி 1880களில் தங்கம் தோண்டத் தொடங்கியபோது பூமிக்கு அடியில் இறங்கியவர்களும் அவர்களே. கம்பெனிக்காரன் போனான், 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் விடியற்கால ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்.

போர்த்துக்கீசியர் கோவாவை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1955 ஆகஸ்ட் 15 அன்று ஆயுதமில்லாமல் உள்ளே போன சத்தியாக்கிரகிகளைச் சுட்டார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1961 டிசம்பர் 19 அன்று இந்தியப் படை கோவாவை விடுவித்தது. நானூற்று ஐம்பத்தொரு ஆண்டுகள்!

சரி, இத்தனை கொள்ளையும் போர்த்துக்கல் நாட்டு ஏழைக்காவது சோறு போட்டதா? லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு ஆறு மாதக் கடல் பயணம். வழியில் நோயிலும் புயலிலும் செத்த மாலுமிகளுக்குக் கணக்கில்லை. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 1926 முதல் 1974 வரை அந்நாட்டு மக்கள் சர்வாதிகாரத்தின் கீழ் இருந்தார்கள். ஆப்பிரிக்கக் காலனிகளை விடமாட்டேன் என்று அரசு போர் நடத்திக்கொண்டிருந்த 1960களில், லட்சக்கணக்கான போர்த்துக்கீசியர் மலைகளைத் திருட்டுத்தனமாகக் கடந்து பிரான்சுக்குப் பிழைக்கப் போனார்கள். பாரிஸ் நகரத்தின் ஓரத்தில் தகரக் குடிசை போட்டுக்கொண்டு கட்டட வேலை செய்தார்கள். சாம்ராஜ்யம் இருக்கும்போதே அதன் குடிமக்கள் நம்மைப் போலவே புலம்பெயர்ந்த கூலிகள்! 1974 ஏப்ரல் 25 அன்று அந்நாட்டுப் படைவீரர்களே அந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். மக்கள் வீதிக்கு வந்து அவர்களோடு நின்றார்கள். 1975இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றன. 1999இல் மக்காவ் சீனாவிடம் போனதோடு கதை முடிந்தது.

நமக்கு மிஞ்சியது

அவர்களால் நமக்கு வந்தது ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. மிளகைத் தேடி வந்தவர்கள் அமெரிக்கக் கண்டத்து மிளகாயைக் கொண்டுவந்தார்கள். மிளகு வாங்க வக்கில்லாதவன் வீட்டுக் கொல்லையிலும் காய்க்கிற பயிர் அது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சாயிற்று. இந்திய மொழிகளில் தன் எழுத்திலேயே அச்சேறிய முதல் புத்தகம் அதுதான். அதைத் தமிழாக்கிய ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் முத்துக்குளித்துறை மக்களிடம் தமிழ் கற்றவர்; அச்சுக்குப் பணம் கொடுத்தவர்களும் அந்தப் பரவர் மக்களே. ராணியின் செருப்புக்குப் போன பணமும் அவர்களுடையது. தமிழின் முதல் அச்சு எழுத்துக்குப் போன பணமும் அவர்களுடையது. டச்சுக்காரன் வந்து மதத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னபோது அவர்கள் மாறவில்லை. கொடுத்தவன் போய்விட்டான், ஏற்றுக்கொண்டது தங்களுடையது என்று வைத்துக்கொண்டார்கள். கப்பலோடு வந்த அதிகாரம் கப்பலோடு போயிற்று. மக்கள் தங்கள் கையால் பற்றியதுதான் நிலைத்தது.

ஆகவே தோழர்களே, வாசலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இந்த ஊரில் நம்மிடமும் வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "கார்டு வாங்கித் தருகிறேன், வேலை பிடித்துத் தருகிறேன், உனக்கு ஒன்று என்றால் நான் இருக்கிறேன், அந்தத் தெருக்காரனோடு மட்டும் சேராதே" என்கிறார்கள். அவன் தமிழனாகவும் இருக்கலாம், வேறு மொழிக்காரனாகவும் இருக்கலாம். அவன் போட்டிருப்பதும் ஒரு சாவடிதான். நாளைக்கு அவனைவிடப் பெரியவன் ஒருவன் வந்து அவனைத் தூக்கி எறிந்தால் நமக்கு விடுதலை வந்துவிடாது. சாவடியில் உட்காருகிற ஆள்தான் மாறுவான்.

சாவடி வேண்டாம் என்றால், அதில் வரி கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும். பக்கத்தில் சித்தாள் வேலை பார்க்கிற ராய்ச்சூர்ப் பெண்ணும், ஆந்திராவிலிருந்து வந்த கம்பி வேலைக்காரரும், வடக்கே ஒடிசாவிலிருந்து வந்த பையனும் நம்மோடு நிற்க வேண்டும். நாம் அவர்களோடு நிற்க வேண்டும். அப்பக்காவும் குஞ்ஞாலியும் சங்கிலியும் தனித்தனியே நின்று தோற்றார்கள். அந்தத் தோல்வியை நாம் மறுபடி ஒருமுறை தோற்க வேண்டியதில்லை.